பொன்னுத்தம்பியின் பூட்ஸ்

1873. பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியின் நீதிமன்றத்துக்குள் வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை நுழைந்தார். காலில் ஐரோப்பியர் அணியும் பூட்ஸ். இந்தியர் அதைப் போட்டுக்கொண்டு நீதிபதி முன் நிற்பதா? தண்டனை விதித்தார்கள். உள்ளூரிலேயே அடங்கியிருக்க வேண்டிய விவகாரம், கப்பலேறியது.

பாரிஸில் மேல்முறையீட்டில் பிள்ளைக்காக வாதாடியவர் ழூல் கொதேன். தண்டனை ரத்தானது. அந்தக் கொதேனையே சில ஆண்டுகளில் பிரெஞ்சிந்தியா தன் பிரதிநிதியாகப் பாரிஸ் நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது! பிள்ளைக்கோ அந்த வெற்றி போதவில்லை. காலுக்குக் கிடைத்த சமத்துவம் சட்டத்தில் எங்கே?

1819 முதல் இந்தியர்களுக்கு அவரவர் சாதி, சமய வழக்கப்படியே நீதி. அந்த வேலியைத் தாண்ட 1881 செப்டம்பர் 21-இல் ஓர் ஆணை வழிவிட்டது. விரும்பியவர் சொந்த வழக்கத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வரலாம். மனைவிக்கும் மைனர் பிள்ளைகளுக்கும் அதுவே சட்டம். பிறகு திரும்ப முடியாது. கூடவே ஒரு நிபந்தனை: தலைமுறை தலைமுறையாக மாறாத குடும்பப்பெயர் ஒன்று வேண்டும். அப்பா பெயரை இனிஷியலாக வைத்தே பழகியவர்கள் அதற்கு எங்கே போவார்கள்?

முன்னின்று வழிகாட்டிய பொன்னுத்தம்பி, 'லபோர்த்' என்று எழுதினார். பிரெஞ்சில் கதவு. தனக்குப் பின்னால் ஊரே அதன் வழியே வரும் என்று அவர் நம்பினார்.

ஊர் வரவில்லை. சாதியும் ஆசாரமும் போய்விடும் என்று பழமைவாதிகளின் தலைவர் சண்முக வேலாயுத முதலியாரின் தரப்பு கடுமையாக எதிர்த்தது. வந்தவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்களும் ஒடுக்கப்பட்ட சாதியினரும்தான். இழக்க ஏதுமில்லாதவர்கள் துணிந்தார்கள் என்பதே இந்தக் கதையில் என்னை அதிகம் நெகிழவைக்கும் இடம். 1884-இல் இவர்களுக்கென்று தனி வாக்காளர் பட்டியல் போட்டார்கள். சமத்துவம் கேட்டவர்கள் மறுபடி தனி வரிசையில் நின்றார்கள். அதிர்ஷ்டமோ கடலுக்கு அப்பால் காத்திருந்தது.

பிரெஞ்சுக்காரர் ஆண்ட வியட்நாமின் சைகோனில் பிரெஞ்சு அரசுக்கு ஆள் தேவைப்பட்டது. வழக்கத்தைத் துறந்தவர்கள் அங்கே போய், பிரெஞ்சுக் குடிமக்களுக்குரிய வாக்குரிமையையும் சம்பளத்தையும் உரிமையோடு கேட்டார்கள். பெயரும் கூடவே பயணப்பட்டது.

1962 ஆகஸ்ட் 16-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் முடிவெடுக்க ஆறு மாத அவகாசம். ஆயிரக்கணக்கானோர் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். தமிழ் முகங்களுக்குப் பின்னால் ஒலிக்கும் பிரெஞ்சுக் குடும்பப்பெயர்கள் பல பிறந்தது அந்த 1881 ஆணையில்.