கல்லறையில் பெயர் உண்டு

பொகவந்தலாவையிலே புனித மேரி தேவாலயம் என்று ஓர் அங்கிலிக்கன் கோயில் இருக்கிறது. அதன் மயானத்தில் ஒரு கணவனும் மனைவியும் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். கணவரின் பெயரை நம் மாணவர்கள் வரலாற்றுப் பாடத்திலே மனனம் செய்கிறார்கள். 1833ஆம் ஆண்டின் கோல்புறூக் கமரன் சீர்திருத்தம் என்கிறோமே, அந்தக் கமரன் இவர்தான், சார்ள்ஸ் ஹே கமரன். மனைவி ஜூலியா மார்கரெட் கமரன். உலகப் புகைப்படக் கலை வரலாற்றில் கணவரைவிடப் பெரிய பெயர் இவருடையது. ஆனால் பொகவந்தலாவையில் பிறந்து வளர்ந்த நான் அதை அறிந்தபோது எனக்கு முப்பது வயது கடந்திருந்தது.

ஜூலியா 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். 1863ஆம் ஆண்டு முடிவில், தமது நாற்பத்தெட்டாவது வயதில், மகளும் மருமகனும் பரிசாகக் கொடுத்த கமராவைக் கொண்டு படமெடுக்கத் தொடங்கினார். இங்கிலாந்தின் வைட் தீவிலிருந்த வீட்டில் நிலக்கரி போடும் அறை இருட்டறையாயிற்று. கோழிக்கூடு படப்பிடிப்புக் கூடமாயிற்று. கோழிகளை என்ன செய்தார் என்று கேளாதீர்கள், அவற்றைத் திறந்து விட்டுவிட்டாராம்.

அக்காலப் படப்பிடிப்பு இலேசான காரியமன்று. கண்ணாடித் தகட்டிலே கொலோடியன் என்னும் பசையைப் பூசி, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்த்து, ஈரம் காயுமுன் கமராவினுள் வைத்துப் படமெடுத்து, உடனே இருட்டறைக்கு ஓடிக் கழுவ வேண்டும். ஜூலியா கையாண்ட பெரிய தகடு 15 அங்குலத்துக்கு 12 அங்குலம். எதிரே இருப்பவர் நிமிடக் கணக்கில் அசையாதிருக்க வேண்டும். கவிஞர் டெனிசன், டார்வின், வானியலறிஞர் ஜோன் ஹேர்ஷெல் எல்லோரும் அப்படி இருந்தவர்களே.

1875இல் கமரன் தம்பதியர் இலங்கைக்கு வந்தனர். கமரனுக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தன. மக்களும் இங்கே இருந்தனர். கோப்பி இலைநோய் 1869இலேயே தலைகாட்டிவிட்டது, செல்வம் கரைந்துகொண்டிருந்தது. வரும்போது இரண்டு சவப்பெட்டிகளையும் கொண்டுவந்தார்கள் என்று சொல்வதுண்டு. களுத்துறையிலும் மலைநாட்டிலும் மாறிமாறி வாழ்ந்தனர். ஜூலியா 1879 ஜனவரி 26இல் டிக்கோயாப் பள்ளத்தாக்கின் கிளென்கேர்ன் தோட்டத்தில் காலமானார். அடுத்த ஆண்டு கணவரும் போய்ச் சேர்ந்தார்.

இலங்கையில் அவர் எடுத்த படங்களில் எஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவு. தோட்டத் தொழிலாளரும் கிராமத்தவரும் அவற்றில் இருக்கிறார்கள். அச்சுப் பிரதிகளை நூலொன்றிலே கண்டபோது என் மனத்தைத் தைத்தது ஒன்று. டெனிசனின் படத்தில் டெனிசன் என்று இருக்கிறது. நம்மவர் படங்களில் ‘இளம்பெண், இலங்கை’ என்றாற்போலத்தான். அந்தப் பெண் முகத்தை நிமிர்த்திக் கமராவை நேரே பார்க்கிறாள். அவளிடம் யாரும் பெயர் கேட்கவில்லையா, கேட்டும் எழுதவில்லையா? ஜூலியா இரக்கமற்றவர் என்று நான் சொல்லவில்லை. அந்த முகங்களை அவர் மதித்தே படமாக்கியிருக்கிறார். ஆயினும் அவர் வழக்கமாகப் படத்தின் கீழே தம் பெயரை மறவாமல் எழுதியவர்.

வகுப்பிலே இதை ஒருநாள் சொன்னேன். சில வாரங்கள் கழித்து உயர்தர மாணவன் ஒருவன் ஒரு மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். பழைய தேயிலைப் பெட்டியின் பலகை. இப்போது தேயிலை காகிதச் சாக்கிலே போகிறது. அந்தப் பெட்டிகள் லயங்களில் உடுப்பு வைக்கத்தான் மிஞ்சியிருக்கின்றன. ஒரு பெட்டிக்குள் இன்னொன்று நகரும்படி செய்து, முன்னே பூதக்கண்ணாடி வில்லையும் பின்னே உப்புத்தாளால் தேய்த்த கண்ணாடியும் பொருத்தியிருந்தான். பிலிமுக்கு எங்கே போவாய் என்றேன். “எக்ஸ்ரே பிலிம் சேர்” என்றான். ஆஸ்பத்திரிகள் கணினி முறைக்கு மாறிய பிறகு வேண்டாப் பொருளாகிவிட்ட, காலம் கடந்த ஒரு பெட்டியை அவனுடைய உறவினர் ஒருவர் கொடுத்திருந்தார். 10 அங்குலத்துக்கு 8 அங்குலத் தாள்.

வெளிநாடுகளிலே பலர் இவ்வாறு செய்கிறார்கள் என்பதைப் பின்னரே அறிந்தேன். எக்ஸ்ரே பிலிமுக்குச் சிவப்பு நிறம் தெரியாது. ஆகவே சிவப்பு மின்குமிழ் வெளிச்சத்தில் அதைக் கையாளலாம். ஜூலியாவின் கண்ணாடித் தகட்டுக்கும் சிவப்புத் தெரியாது. அதனாலேதான் அவர் படங்களில் நம்மவர் முகம் கண்ணுக்குத் தெரிவதைவிடக் கறுத்துக் காண்கிறது. இரு பக்கமும் பூச்சுள்ள பிலிம் ஆகையால் நகம் பட்டாலும் கீறிவிடும். முதல் நான்கு தாள்களும் கீறலும் புகையுமாய்ப் போயின. படத்தை நிலைநிறுத்த அவன் வாங்கியது ஹைப்போ. அதன் அந்தக் குணத்தை 1819இல் கண்டறிந்தவர், ஜூலியாவின் கமரா முன் அமர்ந்த அதே ஹேர்ஷெல்தான்.

ஐந்தாவது தாளுக்கு அவன் தன் அம்மாயியை லயத்து வாசலில் உட்கார வைத்தான். நாற்பது வருடம் கொழுந்து பறித்தவர். வில்லையின் மூடியைத் திறந்து, எட்டு எண்ணி மூடினோம். “இம்புட்டுத்தானா?” என்றார். முன்னொருமுறை நெஞ்சுச் சளிக்கு இந்தத் தாளிலேதான் தம்மைப் படம் எடுத்தார்கள் என்றும், அதிலே முகம் இல்லை என்றும் சொன்னார்.

கழுவியபோது முகம் வந்தது. கன்னம் கறுத்து, கண்ணிரண்டும் தெளிவாக. பிலிமைக் கைத்தொலைபேசியால் படமெடுத்து நிறம் திருப்பி, டவுனிலே ஒரு கடையில் அச்சிட்டு வந்தான். ஜூலியா கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

கீழே பெயர் எழுத நான் பேனாவை எடுத்தேன். அடையாள அட்டையைக் கேட்டேன். “அதுல இருக்கிறது என் பேரு இல்லீங்க, தப்பா எழுதிட்டாங்க” என்றார். தம் பெயரை மெதுவாகச் சொன்னார். எழுதினேன். பேரன் படித்துக் காட்டினான்.

“எங்கப்பா பேரையும் சேத்து எழுதுங்க சேர்” என்றார்.