வக்கீல்களின் அரிதாரம்

கூத்தாடி கிழக்கே பார்ப்பான், கூலிக்காரன் மேற்கே பார்ப்பான் என்று ஒரு பழமொழி நம்மிடையே வழங்கி வருகிறது. இரவெல்லாம் ஆடுகிறவன் எப்பொழுது விடியும் என்று கீழ்த்திசையை நோக்கி ஏங்குவதும், பகலெல்லாம் மண் வெட்டுகிறவன் எப்பொழுது பொழுது சாயும் என்று மேல்திசையை நோக்குவதும், ஜீவனத்துக்காக உழைக்கும் எவர்க்கும் இயல்பானவையே. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் சென்னைப் பட்டணத்தில் இந்தப் பழமொழிக்குள் அகப்படாத ஒரு கூட்டம் தோன்றிற்று. பகலில் கறுப்பு அங்கி அணிந்து நியாயஸ்தலத்தில் வாதாடியும், சர்க்கார் கச்சேரிகளில் கட்டுகளைப் புரட்டியும், கலாசாலைகளில் பாடம் கேட்டும் வந்தவர்கள், மாலையானதும் முகத்தில் அரிதாரம் பூசிக்கொண்டு அரசனாகவும், அரசியாகவும், விதூஷகனாகவும் மேடையேறினார்கள். ஆடுவதற்கு அவர்கள் கூலி வாங்கவில்லை. மாறாக, ஆடும் உரிமைக்காகச் சபைக்குச் சந்தா கட்டினார்கள். விடியலைக் குறித்து அவர்களுக்கு ஏக்கம் இல்லை; மறுநாள் காலையில் கோர்ட்டுக்குப் போயாக வேண்டுமே என்ற கவலை ஒன்றுதான் உண்டு. அந்தச் சிறு கவலை தமிழ் நாடகத்தின் உருவத்தை மாற்றியதில் எவ்வளவு பங்கு கொண்டது என்பது, நமது நாடக சரித்திரக்காரர்கள் போதுமான அளவு கவனியாத சங்கதி என்றே எனக்குத் தோன்றுகிறது.

அக்காலத்து நாடகத்தின் நிலையைச் சற்றே நினைத்துப் பார்க்க வேண்டும். கிராமங்களில் தெருக்கூத்து இருந்தது; கட்டியக்காரன் வந்து கதாபாத்திரத்தின் வரவை அறிவிக்க, அந்தப் பாத்திரம் தன் பெருமையைத் தானே பாடிக்கொண்டு பிரவேசிக்க, இராத்திரி ஆரம்பித்த கதை கோழி கூவும் வேளையில் முடியும். பட்டணங்களில் கொட்டகை போட்டு ஆடிய கம்பெனிகளும் ஏறக்குறைய இந்தச் சம்பிரதாயத்தையே திரைகளோடும் விளக்குகளோடும் நடத்தி வந்தன. தஞ்சை கோவிந்தசாமி ராவின் மனமோகன நாடகக் கம்பெனி போன்ற ஒன்றிரண்டு குழுக்கள் ஒழுங்கும் அழகும் கொண்டு விளங்கினவென்றாலும், படித்தவர்களின் வீடுகளில் நாடகக்காரன் என்ற பெயருக்கு மரியாதை கிடையாது. பிள்ளை நாடகம் பார்க்கப் போனான் என்றாலே தகப்பனார் முகம் சுளிப்பார். நாடகம் ஆடப் போனான் என்றால் அந்தக் குடும்பத்தில் பெண் கொடுக்க யோசிப்பார்கள். இந்த அருவருப்பு பெரும்பாலும் கலையைப் பற்றியதன்று. கலையைக் கொண்டு பிழைத்தவர்களின் குலத்தையும் வறுமையையும் பற்றியது என்பதை மறைப்பதில் பயனில்லை.

1891-ஆம் வருஷத்தில் பல்லாரியிலிருந்து சரச விநோதினி சபை என்ற குழுவொன்று சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகங்களை நடத்திற்று. அதன் தலைவர் தர்மவரம் கிருஷ்ணமாசார்யுலு அந்த ஊரில் வக்கீல். பின்னாளில் ஆந்திர நாடக பிதாமகர் என்று அவரைக் கொண்டாடினார்கள். அவரோடு மேடையில் தோன்றியவர்களும் வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களுமாக இருந்தார்கள் என்ற செய்தி, சபையோரில் இருந்த ஒரு பதினெட்டு வயதுக் கல்லூரி மாணவரின் மனத்தில் ஆழமாகத் தைத்தது. பம்மல் சம்பந்த முதலியார் என்பது அவர் பெயர். தகப்பனார் விஜயரங்க முதலியார் கல்வி இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர், தமிழ்ப் புத்தகங்களை வெளியிட்டவர். அவ்வளவு காலமும் தமிழ் நாடகங்களை வெறுத்து ஒதுக்கி வந்த அந்த இளைஞர், கௌரவமான மனிதர்களும் வேஷம் கட்டலாம் என்று கண்ணாரக் கண்டபின், சில சிநேகிதர்களைக் கூட்டிக்கொண்டு அதே வருஷத்தில் சுகுண விலாச சபையை ஸ்தாபித்தார். திருவனந்தபுரத்தில் தத்துவ சாஸ்திரம் போதித்து வந்த பேராசிரியர் சுந்தரம் பிள்ளை மனோன்மணீயத்தை அச்சிட்டு வெளியிட்டதும் அந்த 1891-இல்தான். அதுவும் வேறொரு வேலையிலிருந்தவர் செய்த நாடகப் பணியே. ஆனால் அவர் படிப்பதற்கு எழுதினார், இவர் ஆடுவதற்கு எழுதினார்.

சபை வளர்ந்த இடம் விக்டோரியா பப்ளிக் ஹால். சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் சிஷோம் என்ற வெள்ளைக்காரச் சிற்பி வரைந்து கொடுக்க, நம்பெருமாள் செட்டியார் கட்டி முடித்த அந்தச் செங்கல் மாளிகை, மகாராணியின் பொன்விழாவை ஒட்டி எழுந்தது. பின்னால் சம்பந்த முதலியார் வக்கீல் பரீட்சையில் தேறித் தொழில் நடத்தலானதும், சபையில் கோர்ட்டு மனிதர்களின் தொகை பெருகிற்று. இதில் ஆச்சரியமில்லை. வாயால் பிழைப்பவர்கள் வாய்ச்சொல்லின் ருசி அறிந்தவர்கள். நினைவாற்றலும் சமயோசிதமும் அவர்கள் தொழிலுக்கு மூலதனம். கோர்ட்டு சாயங்காலத்தோடு கலைந்துவிடும். கோடையில் நீண்ட விடுமுறையும் உண்டு. வியாபாரிக்கும் வைத்தியனுக்கும் இந்த வசதிகள் இல்லை. நியாயாதிபதியைத் தன் பக்கம் திருப்புவதற்காகப் பகலில் பழகிய குரலை இரவில் ரசிகர்களிடம் பிரயோகிப்பது அவர்களுக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்திராது. சிலருடைய வாதம் கோர்ட்டில் எடுபட்டதைவிட மேடையில் அதிகம் எடுபட்டிருக்கவும் கூடும்!

இனி அந்தக் கவலைக்கு வருகிறேன். மறுநாள் வழக்கு இருக்கிறவன் விடியும்வரை ஆட முடியாது. மறுநாள் ஆபீஸ் இருக்கிறவன் விடியும்வரை பார்க்கவும் முடியாது. ஆகவே நாடகம் மூன்று நான்கு மணி நேரத்துக்குள் அடங்க வேண்டியதாயிற்று. அப்படி அடங்கவேண்டுமானால், பிரவேசப் பாட்டுகளும், ஒரே கருத்தை விருத்தத்திலும் கீர்த்தனையிலும் வசனத்திலும் மும்முறை சொல்லும் வழக்கமும், கதையோடு ஒட்டாத கோமாளி ஆட்டங்களும் கழிந்தாக வேண்டும். மேலும், சங்கீதத்தில் பிள்ளைப் பிராயம் முதல் அப்பியாசம் செய்தவர்கள் கம்பெனிகளில் இருந்தார்களேயன்றி, சட்டப் புஸ்தகங்களில் கண்ணைக் கெடுத்துக்கொண்ட இந்தக் கனவான்களில் அத்தகையோர் சிலரே. எனவே பாட்டு குறைந்து, பேச்சு நாடகத்தின் பிரதான அங்கமாக ஏறி உட்கார்ந்தது. சம்பந்த முதலியார் தமிழ் நாடகத்துக்கு வசன நடையைத் தந்தார் என்று புகழ்கிறோம், புகழ்ச்சி தகும். அவருடைய மேதையோடு, அவருடைய நடிகர்களின் ஓய்வு நேரமும் குரல் வளத்தின் எல்லையும் சேர்ந்தே அந்த நடையை உண்டாக்கின என்பதையும் ஒப்புக்கொள்வதில் அவருக்கு ஒரு குறைவும் வந்துவிடாது. இடம் குறுகின தோட்டத்தில் செடி உயர்ந்து வளர்வதுபோல, நெருக்கடியே சில சமயம் கலைக்கு உருவம் கொடுக்கிறது.

வேறொரு லாபமும் இருந்தது. வசூலை நம்பிய கம்பெனிக்காரன் ஜனங்கள் அறிந்த வள்ளி திருமணத்தையும் அரிச்சந்திரனையும் விட்டுத் தூரம் போகத் துணியமாட்டான். ஒரு நாடகம் தோற்றால் முப்பது பேர் பட்டினி. சபைக்காரருக்கோ நாடகம் தோற்றால் நஷ்டமாவது சந்தாப் பணமும் கொஞ்சம் மானமுமே. அந்தத் தைரியத்தில்தான் ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் அமலாதித்யனாகவும், மாக்பெத் மகபதியாகவும், வெனிஸ் நகரத்து வர்த்தகன் வாணீபுர வணிகனாகவும் தமிழ் பேச வந்தார்கள். 1895-இல் முதலியாரின் லீலாவதி சுலோசனாவும் மனோகரனும் வந்தன. ஒரே சபையில் தமிழோடு தெலுங்கு, கன்னடம், ஹிந்துஸ்தானி, சம்ஸ்கிருதம், இங்கிலீஷ் நாடகங்களும் நடந்தன. முதலியார் ஒருவரே தொண்ணூறுக்கு மேற்பட்ட நாடகங்களை எழுதினார். எழுதிய காலத்தின் பெரும்பகுதியில் வக்கீலாகவும், பிறகு சிறு வழக்கு நீதிமன்றத்து நியாயாதிபதியாகவும் உத்தியோகம் நடந்துகொண்டுதான் இருந்தது. பிழைப்புக்கென்று எழுதியவர்களில் எத்தனை பேர் இவ்வளவு எழுதினார்கள் என்று எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது.

சபையின் மேடையில் பெண்கள் ஏறவில்லை. கும்பகோணம் பாலாமணி அம்மாள் பெண்களையே கொண்டு ஒரு கம்பெனி நடத்திப் பெரும் பிரசித்தி பெற்றிருந்த காலம் அது. ஆனால் கௌரவத்தை நாடி வந்த சபை அந்தத் திசையில் தலைவைக்கவில்லை. ஆகையால் கதாநாயகிகளும் வக்கீல்களாகவே இருக்க நேர்ந்தது. சி. ரங்கவடிவேலு என்ற வக்கீல் முதலியாரின் நாயகிகளாகப் பல ஆண்டுகள் நடித்தவர். மேடைக்கு வெளியே அவருடைய பிராண சிநேகிதர். அவருடைய அகால மரணம் முதலியாரை எவ்வளவு கலக்கிற்று என்பதை, சுதேசமித்திரனில் தொடராக வந்து ஆறு பாகங்களாகப் புஸ்தக வடிவம் பெற்ற ‘நாடக மேடை நினைவுகள்’ படித்தவர்கள் அறிவார்கள். நடிகர்களுக்குள் வரும் போட்டி, வேஷம் கிடைக்காதவரின் கோபம், ஒத்திகைக்கு வராதவரின் சாக்கு, புத்தகத்தில் இவையெல்லாம் ஒளிவின்றி வருகின்றன. காசு வாங்காதவர்களுக்கும் பொறாமை உண்டு என்பதற்கு அதைவிட நல்ல சாட்சியம் இல்லை.

எப்பேர்ப்பட்டவர்கள் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள்! பின்னால் காங்கிரஸின் பெரும் பேச்சாளராகவும் சென்னை மேயராகவும் விளங்கிய எஸ். சத்தியமூர்த்தி மனோகரனாக நடித்தார். ஹைகோர்ட்டு ஜட்ஜாக இருந்த வி. வி. ஸ்ரீநிவாசய்யங்காரும், சர் சி. பி. ராமஸ்வாமி அய்யரும், சுதந்திர இந்தியாவின் முதல் நிதி மந்திரியாக வந்த ஆர். கே. சண்முகம் செட்டியாரும் சபையின் அங்கத்தினர்கள். சென்னை ஹைகோர்ட்டின் நூறாண்டுச் சரித்திரத்தை எழுதிய வக்கீல் வி. சி. கோபாலரத்தினமும் அந்த மேடையில் பெயர் பெற்ற நடிகர்தாம். அரசாங்கத்தை எதிர்த்துச் சிறை சென்றவரும், அரசாங்கத்திடம் சர் பட்டம் பெற்றவரும் ஒரே சபையில் அங்கத்தினராக இருக்க முடிந்தது. வேறெந்தச் சங்கத்திலும் இவர்கள் சண்டையில்லாமல் கூடியிருப்பார்களா என்பது சந்தேகமே.

இவ்வளவும் சொன்னபின், கம்பெனிக்காரர்களின் பக்கத்தையும் சொல்லாவிட்டால் அது ஒருதலைத் தீர்ப்பாகும். சபை நடந்தது முக்கியமாகப் பட்டணத்தில். தமிழ்நாட்டின் ஊர் ஊராக நாடகத்தைச் சுமந்து சென்றவர்கள் கம்பெனிக்காரர்களே. சங்கரதாஸ் சுவாமிகள் தம் பாடல்களைக் கொண்டு படியாத ஜனங்களை இரவிரவாக உட்கார வைத்ததும், 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை ஏற்படுத்திச் சிறுவர்களைப் பழக்கியதும் ஜீவனத்தின் நெருக்கடியில் நடந்த காரியங்கள். அந்தச் சிறுவர்கள் பட்ட அடியும் தூங்காத இரவும் வக்கீல் நடிகர்கள் கனவிலும் அறியாதவை. கனவான்கள் மேடையேறியதால் நாடகத்துக்குக் கௌரவம் வந்தது என்பார்கள். வந்த கௌரவம் நெடுநாள்வரை கனவான்களோடேயே வீட்டுக்குத் திரும்பிப் போய்விட்டது. ஆயினும் நாடகங்கள் திரும்பிப் போகவில்லை. மனோகரனைப் பாய்ஸ் கம்பெனிகள் எடுத்துக்கொண்டு ஊரூராக ஆடின. முடிவில் 1954-இல், மு. கருணாநிதியின் வசனத்தோடும் சிவாஜி கணேசனின் நடிப்போடும் அது திரைப்படமாக வந்தபோது, அதன் மூலம் பின்னாளில் வக்கீலான ஒருவரின் சாயங்கால வேளைகளில் பிறந்தது என்பது கொட்டகையில் இருந்தவர்களில் பலருக்குத் தெரிந்திராது.

சென்னையின் வழியை மற்ற ஊர்களும் பின்பற்றின. சபை கடல் கடந்து கொழும்பிலும் சென்று ஆடிற்று. சம்பந்த முதலியாரைக் குருவாகக் கொண்ட க. சொர்ணலிங்கம், கலையரசு என்ற பட்டத்தோடு, ஈழத்தில் லங்கா சுபோத விலாச சபையின் மூலம் இந்த நாடக முறையை வேரூன்றச் செய்தார். திருச்சிராப்பள்ளியில் ரயில்வே உத்தியோகஸ்தராயிருந்த எஃப். ஜி. நடேசய்யர் 1914-இல் ரசிக ரஞ்சன சபையை நிறுவினார். அவர் தம் அரிச்சந்திர நாடகத்தில் லோகிதாசனாக ஏற்றிய சிறுவன்தான் பின்னால் தமிழகத்தையே தன் குரலால் ஆட்டிப்படைத்த எம். கே. தியாகராஜ பாகவதர். ரயில் வண்டிகளின் நேரத்தைக் கவனித்து வந்த ஒரு மனிதரின் ஓய்வு வேளையில், தமிழ்த் திரைக்கு ஒரு நக்ஷத்திரம் உதயமாயிற்று.

பேசும்படம் வந்ததும் சபையின் நாடக உற்சாகம் தளர்ந்தது. மவுண்ட் ரோட்டில் சொந்த இடம் அமைந்தபின், டென்னிஸும் சீட்டாட்டமும் மெல்ல மெல்ல மேலோங்கின. ஒத்திகைக்கு வேண்டிய பிரயாசை சீட்டுக்கு வேண்டியதில்லை அல்லவா? சம்பந்த முதலியார் 1959-இல் பத்ம பூஷண் பெற்று, 1964-இல் காலமானார். அந்தக் காலத்தில் சென்னையில் மாலை நேரத்து நாடகம் வேறு கைகளுக்கு மாறியிருந்தது. ஒய். ஜி. பார்த்தசாரதியின் யுனைடெட் அமெச்சூர் ஆர்ட்டிஸ்ட்ஸ் 1952-இல் தொடங்கிற்று. வக்கீலான சோ ராமசாமி விவேகா ஃபைன் ஆர்ட்ஸில் எழுதி நடித்தார். அக்கவுண்டண்ட் ஜெனரல் ஆபீஸில் வேலை பார்த்த கே. பாலசந்தர், மேஜர் சந்திரகாந்தையும் சர்வர் சுந்தரத்தையும் சபா மேடைக்குக் கொண்டுவந்தார். அவர்களுடைய நாடகங்களும் சாயங்காலம் தொடங்கி, சபையோர் கடைசி பஸ்ஸைப் பிடிக்கும்படியான நேரத்தில்தான் முடிந்தன.