கார்பன் (நிரலகம்)

கார்பன் என்பது பழைய மாக் ஓஎஸ் இயங்குதளத்துக்கு எழுதப்பட்ட மென்பொருட்களைச் சிறு திருத்தங்களுடன் மாக் ஓஎஸ் எக்ஸில் இயங்கச் செய்வதற்காக ஆப்பிள் நிறுவனம் உருவாக்கிய நிரலகத் தொகுதி ஆகும். இயங்குதளத்தைப் புதிய அடித்தளத்துக்கு மாற்றும்போது பழைய நிரலகங்களுடன் இணக்கம் பேண வேண்டுமா என்ற கேள்விக்கு ஆப்பிள் கண்ட நடுவழி இதுவெனலாம்.

வரலாறு

1997 பிப்ரவரியில் நெக்ஸ்ட் நிறுவனத்தை வாங்கிய ஆப்பிள், அதன் யுனிக்ஸ் வழி இயங்குதளத்தை ராப்சடி என்ற பெயரில் தன் கணினிகளுக்குக் கொண்டுவர முனைந்தது. இத்திட்டப்படி பழைய மென்பொருட்கள் 'நீலப் பெட்டி' எனப்பட்ட தனிச்சூழலில் மாற்றமின்றி இயங்கும். ஆயினும் நினைவகப் பாதுகாப்பு முதலிய புதிய வசதிகள் அவற்றுக்குக் கிட்டா. அவ்வசதிகளை வேண்டுவோர் நெக்ஸ்ட் வழி நிரலகத்துக்கு (பின்னாளைய கோக்கோ) ஏற்பத் தம் மென்பொருளைப் புதிதாக எழுத வேண்டும். பல்லாண்டுகளாக வளர்த்த நிரலைக் கைவிட அடோபி, மைக்ரோசாப்ட் போன்ற நிறுவனங்கள் இசையவில்லை. போட்டோஷாப்பும் வேர்டும் இல்லாத மாக் கணினியை யார் வாங்குவர்? 1998 மே மாதத்தில் ஆப்பிள் திட்டத்தை மாற்றிக் கார்பனை அறிவித்தது.

கொண்டதும் விட்டதும்

பழைய நிரலகத்தின் ஏறத்தாழ 8000 செயற்கூறுகளில் 2000 அளவிலானவை கைவிடப்பட்டன. பழைய மாக் ஓஎஸில் எல்லா மென்பொருட்களும் நினைவகத்தைத் தமக்குள் தடுப்பின்றிப் பகிர்ந்தன. ஒரு சாளரத்தைப் பற்றி இயங்குதளம் வைத்திருக்கும் தரவைக்கூட மென்பொருள் நேரடியாகத் தொட்டு மாற்றலாம். ஒன்று பிழைத்தால் கணினியே நின்றுபோகும். கார்பன் அத்தரவுகளை மறைத்து, செயற்கூறுகள் வழியாக மட்டும் அணுகவைத்தது. ஆகவே நிரலாளர் அத்தகைய இடங்களைத் திருத்தினால் பெரும்பாலும் போதுமானதாயிற்று. கார்பனுக்கு மாற்றிய மென்பொருளை மாக் ஓஎஸ் 9-இலும் இயக்க முடிந்தது; பயனர் உடனே புதிய இயங்குதளத்துக்கு மாறவேண்டிய கட்டாயமில்லை. இதுவே கார்பனின் பெரும்பலன்.

முடிவு

2001 மார்ச்சில் மாக் ஓஎஸ் எக்ஸ் வெளியானபோது, அதன் கோப்பு மேலாளரான பைண்டரே கார்பனில்தான் எழுதப்பட்டிருந்தது. 2009-இல்தான் அது கோக்கோவுக்கு மாறியது. 64-பிட் கார்பன் வரும் என்று முதலில் கூறிய ஆப்பிள், 2007-இல் அதன் பயனர் இடைமுகப் பகுதியைக் கைவிட்டது. அதை நம்பியிருந்தவர்களுக்கு இது பெருத்த ஏமாற்றம். 2008-இல் வெளியான போட்டோஷாப் சிஎஸ்4 விண்டோசில் மட்டுமே 64-பிட் ஆகக் கிடைத்தது. மாக் பயனர்கள் 2010-இல் வந்த சிஎஸ்5 வரை காத்திருந்தனர். பத்தாண்டுக்கு முன் தள்ளிப்போட்ட மறுஎழுத்துவேலையைத்தான் அடோபி அப்போது செய்து முடித்தது. 2012-இல் கார்பன் வழக்கொழிந்ததாக அறிவிக்கப்பட்டது. 2019-இல் வெளியான மாக் ஓஎஸ் 10.15, 32-பிட் மென்பொருட்களை முற்றாக நீக்கியதால் கார்பன் மென்பொருட்களும் அத்துடன் நின்றன.