குறைவது எது? எலும்புத்தசைச் சுருக்கம் பற்றிய அறிவின் வரலாறு

முழங்கையை மடக்கினால் மேற்கையின் முன்புறத் தசை நீளம் குறைந்து திரண்டு நிற்கிறது. இதைப் பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். ஆனால் அந்தத் தசைக்குள் நீளம் குறையும் பொருள் எது என்று உறுதியாகச் சொல்ல ஏறத்தாழ 300 ஆண்டுகள் பிடித்தன. 1954 மே 22ஆம் நாளிட்ட ‘நேச்சர்’ இதழில் அடுத்தடுத்து வெளியான இரண்டு சிறு கட்டுரைகள் அதற்கு விடை தந்தன. தசைக்குள் இருக்கும் இழைகள் எவையும் நீளம் குறைவதில்லை, அவை ஒன்றன் ஊடே ஒன்று நழுவிச் செல்கின்றன என்பதே அந்த விடை. அதற்கு அடிப்படையான அளவீடு 1860களிலேயே அறிஞர்களின் கையில் இருந்தது என்பதும், பிறகு அது பல பத்தாண்டுகள் மறக்கப்பட்டுக் கிடந்தது என்பதும் இக்கட்டுரை நிறுவ விரும்பும் செய்தி. அந்த மறதி எப்படி நேர்ந்தது, எப்படி நீங்கியது என்பதைப் பார்க்காமல் தசை ஆய்வின் வரலாறு முழுமை பெறாது.

பருமன் பற்றிய கேள்வி

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த மருத்துவர் காலன் முதல் பதினேழாம் நூற்றாண்டின் டேக்கார்ட் வரை பெரும்பாலோர் நம்பியது ஒன்றே. மூளையிலிருந்து நரம்புக் குழல்கள் வழியே உயிராவி ஒன்று தசைக்குள் இறங்குகிறது. அதனால் தசை உப்பி நீளத்தில் குறைகிறது என்றார்கள். இது உண்மையானால் சுருங்கும் தசையின் பருமன் கூட வேண்டும்.

டச்சு நாட்டு யான் ஸ்வாம்மர்டாம் இதை 1660களில் சோதித்தார். தவளையின் தசையை நரம்போடு எடுத்து ஒரு கண்ணாடிக் குழலுக்குள் வைத்து அடைத்தார். குழலின் முனை மெல்லிய நுண்குழலாக நீண்டிருந்தது; அதில் ஒரு துளி நீர். நரம்பைச் சுற்றிய வெள்ளிக் கம்பியை வெளியிலிருந்து இழுத்தால் நரம்பு தூண்டப்பட்டுத் தசை சுருங்கும். பருமன் கூடினால் துளி மேலேற வேண்டும். அது ஏறவில்லை. அவர் இறந்து அரை நூற்றாண்டுக்கும் மேலான பிறகு, 1737–38இல்தான் இந்தச் சோதனை அச்சேறியது. இதற்கிடையே இங்கிலாந்தின் ஃபிரான்சிஸ் கிளிசன், நீர் நிரம்பிய கலத்துக்குள் கையை விட்டுத் தசையை முறுக்கச் சொல்லி நீர்மட்டம் உயராததை 1677இல் எழுதிவிட்டார். உயிராவிக் கொள்கைக்கு அடித்தளம் அப்போதே ஆட்டம் கண்டது. பருமன் மாறாமல் நீளம் குறைகிறது என்ற இந்த உண்மையை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். இருபதாம் நூற்றாண்டின் ஒரு பெரிய தவறான புரிதலை எடைபோட இதுவே அளவுகோல்.

பட்டைகளின் கணக்கு

தசையிழைகளில் குறுக்குக் கோடுகள் இருப்பதை லேவன்ஹூக் 1682இல் பார்த்திருந்தாலும், முறையான விவரிப்பு 1840இல் லண்டன் மருத்துவர் வில்லியம் போமன் எழுதிய கட்டுரையில்தான் கிடைக்கிறது. முதுகெலும்பிகள் பலவற்றோடு பூச்சிகளையும் அவர் ஆராய்ந்து, இயக்கு தசைகள் எல்லாவற்றிலும் இந்த வரியமைப்பு இருப்பதைக் காட்டினார்.

அந்த அமைப்பை இன்றைய அறிவைக் கொண்டு இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. தசை என்பது தசையிழைகளின் கட்டு. ஒவ்வொரு தசையிழையும் பல உட்கருக்கள் கொண்ட ஒரே செல். அதன் தடிமன் பொதுவாக 10 முதல் 100 மைக்ரோமீட்டர். அதற்குள் ஒரு மைக்ரோமீட்டர் அளவே தடிமனுள்ள நுண்ணிழைகள் நூற்றுக்கணக்கில் நெடுக ஓடுகின்றன. ஒவ்வொரு நுண்ணிழையும் சார்கோமியர் என்னும் அலகுகள் வரிசையாகச் சேர்ந்தது. இரண்டு இசட் கோடுகளுக்கு இடைப்பட்ட பகுதி ஒரு சார்கோமியர். ஓய்வு நிலையில் அதன் நீளம் இரண்டு முதல் இரண்டரை மைக்ரோமீட்டர். நடுவில் அடர்ந்து தெரிவது ஏ பட்டை. இருபுறமும் வெளிறித் தெரிவது ஐ பட்டை. சார்கோமியர் இரண்டரை மைக்ரோமீட்டர் என்று கொண்டால் 10 செ.மீ. தசையிழையில் 40,000 சார்கோமியர்கள் வரிசையில் நிற்கும். ஒவ்வொன்றும் அரை மைக்ரோமீட்டர் குறைந்தாலே இழை முழுவதும் 2 செ.மீ. குறைந்துவிடும்.

1858இல் ப்ரூக்கே முனைவுற்ற ஒளியில் தசையைப் பார்த்து, ஏ பட்டையில் பொருள்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருப்பதற்கான ஒளியியல் சான்றைத் தந்தார். 1868இல் ஹென்சென் ஏ பட்டையின் நடுவே வெளிறிய பகுதி ஒன்று இருப்பதைச் சொன்னார். அதே ஆண்டுகளில் க்ராவுஸே இசட் கோட்டை விவரித்தார்; தசை சுருங்கும்போது ஏ பட்டையின் அகலம் மாறாமல் இருக்க, ஐ பட்டை மட்டும் ஒடுங்குகிறது என்றும் கண்டார். இந்தக் கடைசிச் செய்திதான் முக்கியம். இதையும் போமனின் வரைபடங்களையும் சேர்த்து வைத்துப் பார்த்த எவரும் நழுவல் என்ற எண்ணத்துக்கு வெகு அருகில் வந்திருக்க முடியும்.

ஏன் வரவில்லை? முதற்காரணம் கருவி. ஏ பட்டையின் அகலம் சுமார் ஒன்றரை மைக்ரோமீட்டர். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ அரை மைக்ரோமீட்டர். தடித்த தசையிழையை அன்றைய நுண்ணோக்கியில் பார்க்கும்போது குவியத்தைச் சற்றுத் திருப்பினாலே கரும்பட்டை வெண்பட்டையாகவும் வெண்பட்டை கரும்பட்டையாகவும் மாறித் தெரியும். ஒருவர் கண்டதை இன்னொருவர் மறுத்தார். மிகவும் சுருங்கிய நிலையில் புதிய கரும்பட்டைகள் தோன்றுவது குழப்பத்தைப் பெருக்கியது. நம்பகமான அளவீடும் நம்பத்தகாத அளவீடும் ஒரே குவியலில் கிடந்ததால், இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது அந்தக் குவியல் முழுவதையும் ஆய்வாளர்கள் ஒதுக்கி வைத்தார்கள். இரண்டாவது காரணம், வேதியியல் அப்போது அடைந்த பெரும் வெற்றி.

வேதியியலின் காலம்

1864இல் கூனே தவளைத் தசையிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்து மையோசின் என்று பெயரிட்டிருந்தார். ஆனால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆய்வாளர்களின் கவனம் எரிபொருள் மீதே இருந்தது. தசையின் வெப்பத்தை அளந்த ஏ.வி. ஹில்லும் லாக்டிக் அமிலத்தை ஆராய்ந்த ஓட்டோ மேயர்ஹோஃபும் 1922ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். லாக்டிக் அமிலமே சுருக்கத்தை உண்டாக்குகிறது என்பது ஏறக்குறைய முடிந்த முடிபாகக் கருதப்பட்டது.

அந்த முடிபை உடைத்ததில் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த ஒருவருக்குப் பங்கு உண்டு. பீமாவரத்தில் 1895இல் பிறந்த எல்லாப்பிரகடா சுப்பாராவ், ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் சைரஸ் ஃபிஸ்கேயுடன் சேர்ந்து பாஸ்பேட்டை அளக்கும் நிறமாற்ற முறையை உருவாக்கினார். அந்த முறையைக் கொண்டே இருவரும் 1927இல் தசையில் பாஸ்போகிரியேட்டின் இருப்பதைக் காட்டினார்கள். இங்கிலாந்தில் எகில்டன் தம்பதியர் தனியே அதே பொருளை எட்டியிருந்தார்கள். தசை இயங்கும்போது அது குறைகிறது, ஓய்வில் மீள்கிறது. 1929இல் ஃபிஸ்கேயும் சுப்பாராவும் தசையின் ஆற்றல் பொருளான ஏ.டி.பி.யைப் பிரித்தெடுத்ததை அறிவித்தார்கள். ஜெர்மனியில் கார்ல் லோமன் அதே ஆண்டு தனித்து அதைக் கண்டறிந்தார். மறு ஆண்டு கோபன்ஹேகனில் லுண்ட்ஸ்கார்ட், அயோடோஅசெட்டிக் அமிலம் ஏற்றி லாக்டிக் அமிலமே உண்டாகாமல் செய்த தசையும் சுருங்குவதைக் காட்டினார். 1932இல் ஹில் எழுதிய மீளாய்வுக் கட்டுரையின் தலைப்பிலேயே ‘புரட்சி’ என்ற சொல் இடம்பெற்றது. தமது கொள்கை சரிந்ததை அவரே அறிவித்தது அறிவியல் நேர்மைக்கு நல்ல சான்று.

1939இல் எங்கல்ஹார்ட்டும் லியுபிமோவாவும் மாஸ்கோவில் இன்னொரு பெரும் அடி எடுத்து வைத்தார்கள். ஏ.டி.பி.யைச் சிதைக்கும் நொதி மையோசினே என்றார்கள். எரிபொருளும் எந்திரமும் முதன்முறையாக ஒரே இடத்தில் சந்தித்தன.

செகெட் ஆய்வகம்

போர்க்காலத்து ஹங்கேரியில், செகெட் நகரில், ஆல்பர்ட் செண்ட்-ஜியார்ஜியின் ஆய்வகம் இந்த இழையைப் பற்றிக்கொண்டது. இலோனா பாங்கா முயல் தசையை அரைத்து உப்புக் கரைசலில் ஊறவைத்துப் புரதத்தைப் பிரித்துவந்தார். இருபது நிமிடம் ஊறியதில் கிடைத்த சாறு நீர்த்து இருந்தது. இரவு முழுக்க ஊறவிட்டதோ காலையில் கெட்டியாக உறைந்து நின்றது, ஏ.டி.பி. சேர்த்ததும் இளகியது. இரண்டுக்கும் வேறுபாடு என்ன என்று தேடிய அதே ஆய்வகத்து ஷ்ட்ராவுப், நெடுநேரம் ஊறும்போது மையோசினோடு வேறொரு புரதமும் வெளிவருவதைக் கண்டு அதைத் தனியே பிரித்தார். அதுவே ஆக்டின். கெட்டிச் சாற்றை மெல்லிய துளை வழியே நீரில் பீய்ச்சி நூலாக்கி, அதன்மேல் வேகவைத்த தசைச்சாற்றை ஊற்றினார் செண்ட்-ஜியார்ஜி. நூல் கண்ணெதிரே சுருங்கியது. உயிரற்ற கண்ணாடிக் கலத்தில் இரண்டு புரதமும் ஏ.டி.பி.யும் சில அயனிகளும் சேர்ந்தால் தசையின் செயல் நிகழும் என்பது தெளிவாயிற்று.

இதைவிட வலுவான சோதனை அந்தத் தலைமுறையில் வேறில்லை என்பது என் கருத்து. ஆயினும் ஆய்வாளர்களைத் தவறான வழியில் திருப்பியதிலும் இதற்குப் பங்குண்டு. அந்த நூலுக்குள் புரதங்கள் ஒழுங்கின்றிக் கிடந்தன. ஆகவே நூல் நீளத்திலும் தடிமனிலும் சேர்ந்தே குறைந்து, உள்ளிருந்த நீரை வெளித்தள்ளியது. அதாவது பருமன் குறைந்தது. ஸ்வாம்மர்டாம் தவளைத் தசையில் கண்டதற்கு இது பொருந்தவில்லை. ஆனால் புரத மூலக்கூறு மடிந்து குறுகுவதே சுருக்கம் என்று எண்ணியவர்களுக்கு நூலின் நடத்தை சான்றாகப் பட்டது. கம்பளி மயிரின் புரதம் நீள்வதையும் மடிவதையும் எக்ஸ் கதிரில் கண்டிருந்த லீட்ஸ் பல்கலைக்கழகத்து ஆஸ்ட்பரி, மையோசினும் அவ்வாறே மடிகிறது என்று வாதிட்டார். 1940களின் இறுதிவரை செல்வாக்கோடு இருந்தது இந்த மடிப்புக் கொள்கையே.

1953–54

கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டத்துக்காகத் தசையை எக்ஸ் கதிரில் ஆராய்ந்த ஹியூ ஹக்ஸ்லி, உயிருள்ள தசையில் அறுகோண ஒழுங்கில் அடுக்கிய இழைகள் இருப்பதற்கான குறிகளைக் கண்டார். மின்னணு நுண்ணோக்கி கற்க அவர் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்துக்குச் சென்றார். அங்கே லண்டன் கிங்ஸ் கல்லூரியிலிருந்து வந்திருந்த ஜீன் ஹான்சனைச் சந்தித்தார். முயல் தசையிலிருந்து நுண்ணிழைகளைத் தனியே பிரித்து, நிலைவேறுபாட்டு நுண்ணோக்கியில் பார்க்கும் கலை ஹான்சனுக்குக் கைவந்திருந்தது. ஒரு மைக்ரோமீட்டர் தடிமனே உள்ள நுண்ணிழையில் பழைய குவியக் குழப்பம் இல்லை.

நுண்ணிழையை அடர்ந்த உப்புக் கரைசலால் கழுவினார்கள். மையோசின் கரைந்து போனது. அதனோடு ஏ பட்டையின் அடர்த்தியும் மறைந்தது. மையோசின் இருக்குமிடம் ஏ பட்டை, ஆக்டின் இசட் கோட்டிலிருந்து உள்நோக்கி நீள்கிறது என்பது ஒரே சோதனையில் தெளிந்தது. 1953இல் இந்த அமைப்பை வெளியிட்டபோது, ஆய்வகத் தலைவர் ஷ்மித்தின் அறிவுரைப்படி நழுவல் கருத்தைச் சேர்க்காமல் விட்டார்கள். பின்னர் நுண்ணிழைகளை இழுத்தும் ஏ.டி.பி. கொடுத்துச் சுருக்கியும் அளந்தார்கள். ஏ பட்டை மாறவில்லை.

அதே வேளையில் கேம்பிரிட்ஜில் ஆண்ட்ரூ ஹக்ஸ்லி, தாமே வடிவமைத்த குறுக்கீட்டு நுண்ணோக்கியால் ரோல்ஃப் நீடர்கெர்கேயுடன் தவளையின் உயிருள்ள ஒற்றைத் தசையிழையை ஆராய்ந்து அதே முடிவுக்கு வந்தார். இரு ஹக்ஸ்லிகளும் உறவினர் அல்லர். 1953 கோடையில் அமெரிக்காவின் உட்ஸ் ஹோலில் சந்தித்துப் பேசிய பின், இரு குழுக்களும் தம் கட்டுரைகளை ஒருசேர வெளியிட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பட்டை அளவீடுகள் எப்படி மறக்கப்பட்டன என்பதை ஆண்ட்ரூ ஹக்ஸ்லி பிற்காலத்தில் விரிவாக எழுதினார்; இக்கட்டுரையின் வாதத்துக்கு அதுவே முன்னோடி.

இரு கை விரல்களையும் கோர்த்து உள்ளே தள்ளினால் விரல்கள் குறுகாமலே கைகள் நெருங்குவதைப் போன்றது இந்த அமைப்பு. 1957இல் ஹியூ ஹக்ஸ்லி மிக மெல்லிய சீவல்களை மின்னணு நுண்ணோக்கியில் காட்டினார். தடித்த மையோசின் இழைகளுக்கிடையே மெல்லிய ஆக்டின் இழைகள். இரண்டுக்கும் நடுவே குறுக்குப் பாலங்கள். அதே ஆண்டில் ஆண்ட்ரூ ஹக்ஸ்லி, அந்தப் பாலங்கள் பற்றுவதும் விடுவதுமாக இழுவிசையை உண்டாக்கும் விதத்தைக் கணிதமாக்கினார்.

கடுமையான சோதனை 1966இல் வந்தது. தவளையில் தடித்த இழையின் நீளம் 1.6 மைக்ரோமீட்டர், மெல்லிய இழை பக்கத்துக்கு 1 மைக்ரோமீட்டர், இசட் கோட்டுக்கு 0.05. கூட்டினால் 3.65. கொள்கை சரியானால், சார்கோமியரை 3.65 மைக்ரோமீட்டருக்கு இழுத்ததும் இழைகள் ஒன்றோடொன்று படியாமல் விலகி, இழுவிசை சுழியாக வேண்டும். கார்டன், ஆண்ட்ரூ ஹக்ஸ்லி, ஜூலியன் மூவரும் அளந்தபோது விசை சரியாக அங்கேதான் சுழியைத் தொட்டது. 2 முதல் 2.2 மைக்ரோமீட்டர் வரை அது உச்சத்தில் நின்றது. மடிப்புக் கொள்கையிலிருந்து இப்படி ஓர் எண்ணைப் பெற வழியே இல்லை.

தூண்டுதலும் எஞ்சியவையும்

இழைகளுக்கு எப்போது நழுவ வேண்டும் என்று தெரிவிப்பது கால்சியம். நரம்பின் தூண்டல் தசையிழையின் சவ்விலிருந்து குறுக்குக் குழல்கள் வழியே உள்ளே இறங்கி, உள்வலைப் பைகளிலிருந்து கால்சியத்தை விடுவிக்கிறது. டோக்கியோவின் செட்சுரோ எபாஷி 1960களில் ட்ரோபோனின் என்னும் புரதத்தைக் கண்டறிந்து, கால்சியம் வந்து பற்றும் இடம் அதுவே என்று நிறுவினார். ட்ரோபோனின் கால்சியத்தைப் பற்றியதும், ஆக்டின் இழைமேல் கிடக்கும் ட்ரோபோமையோசின் என்னும் புரதம் இடம்பெயர்கிறது. ஆக்டினில், குறுக்குப் பாலமாக அமையும் மையோசின் தலைக்கு வழி திறக்கிறது. 1971இல் லிம், டெய்லர் இருவரும் வேதிச் சுழற்சியை வரையறுத்தார்கள். ஏ.டி.பி. வந்து சேர்ந்தால் மையோசின் தலை ஆக்டினை விடுகிறது. சிதைவின் விளைபொருள்கள் நீங்கும்போது இழுக்கிறது. இறந்த உடல் விறைப்பது ஏன் என்பதற்கும் இதிலேயே விடை உண்டு. ஏ.டி.பி. தீர்ந்துவிட்டால் பற்றிய தலைகள் விடுவதில்லை.

1954ஆம் ஆண்டு மாதிரியில் இல்லாத ஒரு பொருள் 1970களின் பிற்பகுதியில் தெரியவந்தது. இசட் கோட்டிலிருந்து சார்கோமியரின் நடுவரை நீளும் டைட்டின் என்ற அந்தப் புரதம், 2024 வரை அறியப்பட்ட புரதங்களிலேயே மிகப் பெரியதாக இருந்தது. சுருங்கிக்கொண்டிருக்கும் தசையை வெளியிலிருந்து இழுத்தால் அதில் எழும் கூடுதல் விசையைக் குறுக்குப் பாலங்களைக் கொண்டு மட்டும் விளக்குவது கடினம். டைட்டினின் பங்கு என்ன என்பது இன்றும் ஆய்வில் உள்ளது.

ஆண்ட்ரூ ஹக்ஸ்லிக்கு 1963இல் கிடைத்த நோபல் பரிசு நரம்பு ஆய்வுக்கானது. தசை இழைகளின் நழுவலுக்காக நால்வரில் எவருக்கும் அப்பரிசு கிடைக்கவில்லை. ஹான்சன் 1973இல், 53 வயதில் காலமானார். தமிழில் உடலியல் பாடநூல் எழுதுவோர் இந்த நழுவலை விளக்கும் சறுக்கும் இழைக் கோட்பாட்டை ‘ஹக்ஸ்லியின் கோட்பாடு’ என்று ஒரே பெயரில் சுருக்காமல், ஹான்சன், நீடர்கெர்கே ஆகியோரின் பெயர்களையும் சேர்த்து எழுத வேண்டும்; பாங்காவுக்கும் ஷ்ட்ராவுபுக்கும் அவரவர் செய்த சோதனைகளோடு இடம் தர வேண்டும்.