கற்றவரின் பேதைமை

பேதைமையைக் கல்லாமையோடு ஒன்றாக எண்ணுவது பொதுவழக்கு. பள்ளிக்கூடங்களாற் பெயர்பெற்ற யாழ்ப்பாணத்தில் இந்த எண்ணம் இன்னும் ஆழமாக வேரோடியது. எழுத்தாளர் சிலர் கண்ட பேதைமையோ வேறு. வள்ளுவர் கல்லாமையை 41ஆம் அதிகாரத்திலும் பேதைமையை 84ஆம் அதிகாரத்திலும் பிரித்தே வைத்தார். கேட்டைப் பற்றிக்கொண்டு ஆக்கத்தைக் கைநழுவ விடுவதே பேதைமை. படித்துணர்ந்து ஊருக்கு உரைத்தும் தான் அதன்படி நில்லாதவனைவிடப் பெரிய பேதை இல்லை என்பது அவர் தீர்ப்பு. ஐரோப்பாவில் 1511இல் வெளிவந்த நூலில் எராஸ்மஸ், மடமையைப் பேசவைத்து, இறையியல் அறிஞரையும் மெய்யியலாரையும் அதன் அடியார் வரிசையிற் சேர்த்தார்.

இதற்கு நம் மண் தந்த சான்று, அளவெட்டியில் 1927இல் பிறந்த மஹாகவி உருத்திரமூர்த்தியின் 'தேரும் திங்களும்' என்ற கவிதை. ஊர் கூடித் தேர் இழுக்கிறது. வடத்தைத் தொட ஆசையோடு ஓர் இளைஞன் வருகிறான். அவனைத் தடுக்கிறார்கள், கல் பறக்கிறது, குருதி தெறிக்கிறது. நிலவைத் தொட்டு மீண்ட மனித இனம் மண்ணிற் கிடந்து புரள்கிறது. இது வெறுங் கற்பனையன்று. சாதியின் பேரால் ஒருவரைத் தடுப்பதை 1957ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருந்தும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலில் ஒடுக்கப்பட்ட சாதியினரின் ஆலயப் பிரவேசத்தை எதிர்த்து முன்னின்றவர் சி. சுந்தரலிங்கம், கணிதப் பேராசிரியராயும் அமைச்சராயும் இருந்தவர். கல்வி குறைந்ததால் வந்த தடையென்று இதைச் சொல்ல இடமில்லை.

'இது கொடுமை, பேதைமை என்பது குற்றத்தை மென்மையாக்காதா?' என்று கேட்கலாம். பேதைமை அறியாப் பிள்ளையின் பிழையானால் அந்தக் கேள்வி நியாயமே. வள்ளுவர் சொன்ன பேதைமையோ அறிந்தவன் தெரிந்து செய்யும் தேர்வு. அதற்குப் பொறுப்புக் குறையாது, கூடும். கொடுமை என்ற சொல் அடிபட்டவனுக்கு நேர்ந்ததைக் காட்டுகிறது. அடித்தவன் தனக்குத் தேடிக்கொண்டதைப் பேதைமை என்ற சொல் காட்டுகிறது. கவிதையிற் கலவரம் மூண்டதும் தேரே நின்றுவிடுகிறது. தேரை வீதிவலம் கொண்டுவரக் கூடியவர்களே அதை நிறுத்திவிட்டார்கள். பெருமையைக் காக்கப் போய்த் திருவிழாவை இழந்தார்கள். கேடு கொண்டு ஆக்கம் விடுதல் இதுதான். பள்ளிகளை இன்னும் எழுப்புவோம், அது வேண்டியதே. ஆனால், தன் வழக்கத்தைத் தானே விசாரிக்கத் துணியாத கல்வி பேதைமைக்கு வாதத்திறனை மட்டுமே சேர்த்துக் கொடுக்கும். அந்த விசாரணையைத் தன் ஊரிலிருந்தே தொடங்கியதுதான் மஹாகவியின் பெருமை.