மாடக்குழியிலே மருந்து

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குச் செல்லும் வழியெங்கும் வானம் பார்த்த நிலம். குண்டாற்றில் நீரினும் மணலே மிகுதி. அப்பக்கத்து ஊர்களில் முதியோர் வாழும் வீட்டு மாடக்குழியை நோக்கினால், திருநீற்றுச் சம்புடத்தின் அருகே மாத்திரை அட்டைகள் அடுக்கியிருத்தலைக் காணலாம். சர்க்கரைக்கு ஒன்று, இரத்த அழுத்தத்திற்கு ஒன்று, முழங்கால் வலிக்கு மற்றொன்று. 2021-ஆம் ஆண்டு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் அரசுத் திட்டத்தால் இவற்றுட் சில வீட்டு வாயிலுக்கே வருகின்றன.

நீண்ட நோயாளர் பல மருந்துகளை ஒருங்கே உண்ணும் இவ்வழக்கத்திற்கு ஒரு வரலாறு உண்டு. நம் முன்னோரின் சூரணத்திலும் பல சரக்குகள் சேர்ந்திருந்தன. ஆயினும் நோயாளிக்கு அது ஒரே மருந்துதான். தனித்தனி மருந்துகளை எண்ணி மாதக்கணக்கில் உண்பது வேறு வகை. அதனை அறியச் சென்னைக்குச் செல்லவேண்டும்.

1943-இல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டறியப்பட்டபோது காசநோய் தொலைந்தது என்றே பலர் மகிழ்ந்தனர். மகிழ்ச்சி நீடிக்கவில்லை. 1948-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்விலே, முதலில் தேறிய நோயாளர் பலர் மீண்டும் நலிந்தனர். காரணம் யாது? கோடிக்கணக்கான கிருமிகளுள் மருந்துக்கு மடியாத சில இயல்பாகவே இருக்கும். மற்றவை அழிய, அவை பெருகும். இயல்பில் வேறான இரண்டாம் மருந்தையும் உடன் கொடுத்தால், ஒன்றுக்குத் தப்பியது மற்றொன்றுக்குத் தப்பாது; இரண்டுக்கும் தப்புவது மிக அரிது. பாஸ் என்னும் மருந்து அவ்வாறே துணைக்கு வந்தது. 1952-இல் ஐசோனியசிடும் சேர்ந்தது.

1956-இல் சென்னையிலே காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு நிலையம் எழுந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் கைகோத்தன. டாக்டர் வாலஸ் பாக்ஸ் முன்னின்றார். ஏழை நோயாளர் 193 பேரில் ஒரு பகுதியினர் ஆரோக்கிய நிலையத்திலே நல்லுணவும் ஓய்வும் பெற்றனர். மற்றையோர் நெருக்கடி மிகுந்த தம் வீடுகளிலேயே இருந்தனர். இருசாராருக்கும் ஓராண்டு அதே இரு மருந்துகள். 1959-இல் வெளியான முடிவு உலகையே வியப்பித்தது: இருசாராரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமுற்றனர். வீட்டாருக்கும் அதனால் நோய் மிகுதியாகப் பற்றவில்லை.

ஆனால் வீட்டிலே மருந்தை உண்டனரா என்று அறிவது எப்படி? பாஸ் நாள்தோறும் பல கிராம் உண்ணவேண்டியது, வயிற்றைப் புரட்டும். எனவே ஊழியர் முன்னறிவிப்பின்றி வீடு சென்று எஞ்சிய மருந்தை எண்ணினர், சிறுநீரையும் சோதித்தனர். ஐசோனியசிட் மிகுந்தால் நரம்பு நலியும் என்று கண்டு, அதைத் தடுக்க வைட்டமின் பி6 கொடுக்கும் முறையையும் அந்நிலையத்தார் ஆராய்ந்தனர். மருந்தின் தீங்கைத் தடுக்க மற்றொரு மருந்து!

சென்னையிலே இரு மருந்தையும் கொடுத்தது ஒரே இடம். ஏன் கொடுத்தோம் என்பதை அவ்விடம் அறிந்திருந்தது. திருச்சுழிப் பக்கத்து மாடக்குழியிலோ அட்டைகள் வெவ்வேறு இடங்களிலிருந்து வந்தவை. வலி மாத்திரைகளுட் சில, அழுத்த மாத்திரையின் வலியைக் குறைத்துச் சிறுநீரகத்தையும் வருத்தும். காசநோய்க்குரிய ரிபாம்பிசின், சர்க்கரை மாத்திரைகள் சிலவற்றின் பயனைக் குறைக்கும். ஒரே மருந்து இரு பெயரில் இரண்டு அட்டைகளாகவும் கிடக்கக்கூடும். எழுத்தறியாத மூதாட்டி நிறம் பார்த்தே எடுக்கிறாள். வேறு கம்பெனி மாத்திரை வரும் மாதத்தில் நிறமும் மாறிவிடுகிறது. அன்று ஊழியர் எண்ணியது, மாத்திரை மிஞ்சிவிட்டதா என்று. இன்று அதே மாடக்குழியருகே அமர்வோர், ஒவ்வோர் அட்டையையும் எடுத்து, 'இது எதற்கு, பாட்டி? யார் கொடுத்தது?' என்று கேட்கவேண்டியிருக்கிறது.