ஓதத்துக்கும் வரவு செலவு உண்டு

நம் பழைய பிளாக்கில் ஓதம் ஏறிய சுவர்களை உட்புறம் தெர்மாகோல் பலகை ஒட்டி மூடிவிடலாம் என்கிறீர்கள். அதற்கு முன் ஒரு பழைய கதை.

இங்கிலாந்தின் பழைய வீடுகளுக்குச் சுண்ணாம்புக் காரையில் கட்டிய கனத்த செங்கல் சுவர். மழை நனைக்கும், கணப்பின் சூடு உலர்த்தும். வரவும் செலவும் சரியாக இருந்தன. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின், எரிபொருளை மிச்சம்பிடிக்கச் சில வீடுகளில் சுவரின் உட்புறம் பலகை வைத்தார்கள். அறைச் சூடு சுவருக்கு எட்டவில்லை. குளிர்ந்த சுவரில் நீராவி வியர்த்தது. செங்கல்லுக்குள் செருகிய மர உத்தர நுனிகள் சில வீடுகளில் இற்றுப்போயின.

நம் ஏசி அறையில் திசை மாறும். வெளிப் புழுக்கம் உள்ளே வந்து பலகைக்குப் பின்னால் தண்ணீராகலாம். ஆகவே முதலில் கசியும் குழாயையும் வெளிப்பூச்சு விரிசலையும் அடைப்போம். சுவர் காயட்டும். பிறகு பலகையைப் பற்றிப் பேசுவோம்.